லேசர் மேசைக்கு முன் குனிந்தவள்

சிரம்பானில் ஒரு அரசு அலுவலகத்தின் முகப்பில் விண்ணப்பப் பாரத்தை நீட்டினேன். உள்ளே இருந்த தமிழ்ப் பெண் முதல் பக்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பக்கத்தைப் பார்த்தார்.

"அப்பாவுக்கா? அவரும் வரணுமேம்மா."

"எனக்குத்தான்."

"இது ஓய்வு பாரம்."

"ஆமா. ஓய்வு பெறப் போறது நான்தான்."

எனக்கு வயது முப்பத்து நான்கு. வரிசையில் பின்னால் நின்ற ஒரு பெரியவர் பக்கத்து ஆளிடம், "இந்தப் பிள்ளைக்கே ஓய்வுன்னா நான்லாம் எப்பவோ போய்ச் சேர்ந்திருக்கணும் லா" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது.

ஓர் ஆய்வு நிலையத்தின் லேசர் அறையில் பத்து ஆண்டுகள் வேலை செய்தேன். அதை எழுதும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. போன மாதம் தர்ஷினி என்ற புதுப் பெண் கைப்பேசியில் ஒரு கேள்வி அனுப்பினாள். "அக்கா, லேசர் அறையில மேசைக்கும் சுவருக்கும் நடுவுல ஏன் சங்கிலி போட்டு அடைச்சிருக்கு? டாக்டரைக் கேட்டா உங்களைக் கேக்கச் சொல்றாரு." விரல் நகம் அளவில் பதில் அடித்துப் பார்த்தேன். முடியவில்லை. ஆகவே இது.

நான் பிறந்தது பகாவ் பக்கம் ஒரு தோட்டத்தில். அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். அம்மா பகாவில் ஒரு துணிக்கடையில் நின்றார். தமிழ்ப்பள்ளி, இடைநிலைப்பள்ளி, பல்கலைக்கழகத்தில் வேதியியல், அதன் மேல் இரண்டு ஆண்டு. படிப்பை இவ்வளவு சுருக்கமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அதில் படித்த எதுவும் முதல் நாள் அந்த அறையில் நான் பார்த்ததற்குப் போதுமானதாக இல்லை.

எங்கள் ஆய்வு நிலையம் ஒரு தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. சுற்றிலும் செம்பனை, நடுவில் ஆய்வுக்கென்று விட்டுவைத்த கொஞ்சம் ரப்பர் மரங்கள். லட்சக்கணக்கில் விலை போகும் லேசரைக் கொண்டுவந்து ஏன் ரப்பர் காட்டில் வைத்தார்கள் என்று எல்லோரும் கேட்பார்கள். பால்தான் காரணம். மரத்தில் வடிந்த பால் சில மணி நேரத்தில் திரிந்துவிடும். திரியாமல் இருக்க அம்மோனியா ஊற்றினால் உள்ளே இருக்கும் பொருள்கள் மாறிவிடும். எங்களுக்கு வேண்டியது மாறாத பால். பாலை ஊருக்குக் கொண்டுபோக முடியாது என்பதால் லேசர் தோட்டத்துக்கு வந்தது.

அதிலும் மஞ்சள் பால். சில மரங்களின் பால் வெள்ளையாக இல்லாமல் மஞ்சள் பாய்ந்து வரும். அந்தப் பாலில் ரப்பர் ஷீட் போட்டால் நிறம் கெட்டுவிடும் என்று தொழிற்சாலைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். எங்களுக்கு அதுதான் தங்கம். காரட்டுக்கு நிறம் தரும் பொருளின் உறவுக்காரர் ஒருவர் அதற்குள் இருக்கிறார். அவர் வெளிச்சத்தை விழுங்கி, ரப்பரைக் கெட்டுப்போகாமல் காக்கிறார் என்பது எங்கள் சந்தேகம். எப்படி விழுங்குகிறார்? விழுங்கியதை எங்கே வைக்கிறார்? இதுதான் பத்து ஆண்டுகளாக நாங்கள் கேட்ட கேள்வி.

பதில் கிடைக்க வேண்டிய நேரம்தான் தொல்லை. ஒரு நொடியைப் பத்து லட்சம் துண்டாக வெட்டுங்கள். அதில் ஒரு துண்டை எடுத்து மறுபடி நூறு கோடித் துண்டாக வெட்டுங்கள். அப்படிப்பட்ட நூறு துண்டு நேரத்தில் ஒளியே ஒரு தலைமுடியின் பருமனைத் தாண்டாது. அந்த நேரத்துக்குள் அந்த மஞ்சள் பொருள் பாதி வேலையை முடித்துவிடுகிறது. எந்தக் கேமராவுக்கும் எட்டாத வேகம். அதனால் லேசரின் ஒரு துடிப்பை இரண்டாகப் பிரிப்போம். முதல் பாதி போய்ப் பாலில் அடிக்கும். இரண்டாவது, சற்றுத் தாமதித்துப் போய் என்ன நடந்தது என்று பார்க்கும். எங்கள் தலைவர் டாக்டர் ஞானசேகரம் இதற்கு வைத்திருந்த பெயர்: அடிக்கிற ஒளி, பார்க்கிற ஒளி. பார்க்கிற ஒளியின் பாதையில் ஒரு கண்ணாடியைக் கொஞ்சம் தள்ளினால் போதும், அது போகவேண்டிய தூரம் கூடும், தாமதமும் கூடும். நேரத்தை அளக்க எங்களிடம் கடிகாரம் இல்லை. ஒரு தண்டவாளமும் அதன் மேல் நகரும் கண்ணாடியும்தான் இருந்தன.

முதல் நாள் டாக்டர் அந்தக் கதிரை ஒரு வெள்ளை அட்டையில் காட்டினார். மங்கிய கருஞ்சிவப்பில் ஒரு பொட்டு. அணையப்போகும் ஊதுபத்தி அளவுகூடப் பிரகாசம் இல்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இதுக்கா இவ்வளவு பூட்டு என்று முகத்தில் எழுதி ஒட்டியிருந்தேன் போல. அவர் கதிரின் நடுவில் ஒரு குவிவில்லையை வைத்தார். அவ்வளவுதான். வெறும் காற்றில், ஒன்றுமே இல்லாத இடத்தில், ஒரு நெருப்புப் பொறி நின்றது. காது கூசும்படி 'கீ' என்று பாடியது. நொடிக்கு ஆயிரம் முறை காற்று அங்கே உடைந்துகொண்டிருந்தது.

"இது சராசரிக்கு ஒரு டார்ச் லைட்" என்றார் டாக்டர். "ஆனா ஒவ்வொரு துடிப்பும் அது இருக்கிற அந்தக் கணத்துல ஒரு பெரிய மின்நிலையத்தை விட வலுவானது. உங்க கண்ணுக்கு இது மங்கலாத் தெரியுது, ஏன்னா உங்க கண்ணுக்கு இந்த நிறம் சரியாத் தெரியாது. தெரியாததாலதான் இது ஆபத்து."

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, கேட்டவருக்கு ஏறும்வரை காத்திருப்பார். அந்தக் காத்திருப்பு திட்டைவிட மோசம். யாழ்ப்பாணத்து வழி வந்த கிறித்துவக் குடும்பம். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, எதையும் இரண்டு முறை அளக்கும் பழக்கம்.

அறைக்குள் போகும் முன் காலை ஏழரைக்குக் கதவருகே எங்களை நிறுத்துவார். கடிகாரம், மோதிரம், வளையல், கைப்பேசி எல்லாம் ஒரு தட்டில். பளபளப்பான எதிலும் கதிர் பட்டுத் தெறிக்கலாம். என் மூக்குத்தியைக் கழற்ற முடியாததால் அதன் மேல் மருத்துவ நாடா ஒட்டிக்கொள்வேன். கூட நின்ற ஐந்து பேரும் மூக்கில் அடிபட்டவளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்ப்பார்கள். பிறகு அவர் பேர் கூப்பிடுவார்.

"லோகேஸ்வரி."

"இருக்கேன், டாக்டர்."

"கை?"

"காலி."

"கண்?"

"மேசைக்கு மேலே."

இந்தக் கடைசிக் கேள்விதான் எல்லாமே. கதிர் ஓடும் மேசை இடுப்பளவு உயரம். மேசைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் கதிர் படுக்கைவாட்டில் ஓடும். நின்றுகொண்டிருக்கும் யார் கண்ணும் அங்கே வராது. அந்த உயரத்தில் அறையின் நான்கு சுவரிலும் சிவப்பு நாடா ஒட்டியிருந்தோம். கண் அந்த நாடாவுக்குக் கீழே இறங்கக் கூடாது. ஏதாவது கீழே விழுந்தால் முதலில் கதிரை மறிக்கும் ஷட்டரை மூடு, பிறகு மேசைக்கு முதுகைக் காட்டு, பிறகு எடு. மேசைப் பக்கம் பார்த்துக் குனியாதே. புதிதாக வந்த ஆட்களுக்கு இதை நூறு முறை சொன்னது நான். சுவரில் தொங்கிய விதித்தாளில் அந்த வரியை மூன்று மொழியிலும் எழுதியதும் நான்.

சேர்ந்த இரண்டாம் வாரம் என் வாய் சும்மா இருக்கவில்லை. "என்ன டாக்டர், பெரட்டா?" என்று கேட்டுவிட்டேன். பெரட்டு என்றால் தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவது. எங்கள் தாத்தா அந்த வரிசையில் நின்றவர். பேர் கூப்பிட்டது ஆட்களை மேய்க்கும் மண்டோரும் கணக்கு எழுதும் கிராணியும். டாக்டரின் தாத்தா கெமாஸ் பக்கம் ஒரு தோட்டத்தில் கிராணியாக இருந்தவர் என்பது எனக்கு அப்போது தெரியாது. கூட நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். டாக்டர் அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை. வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

மறுநாள் காலை பேர்ப் பட்டியலை என் கையில் கொடுத்தார். "இனிமே நீங்க கூப்பிடுங்க. முதல்ல என் பேர்." பார்த்தேன். அவர் பெயருக்கு முன்னால் இருந்த 'டாக்டர்' கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. "டாக்டர் ஞானசேகரம்" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. மறுபடி கூப்பிட்டேன். பதில் இல்லை. மூன்றாவது முறை கண்ணை மூடிக்கொண்டு "ஞானசேகரம்" என்றேன். "இருக்கேன்" என்றார். கை காலி, கண் மேசைக்கு மேலே. பத்து ஆண்டுகள் அப்படியே நடந்தது. பேர் கூப்பிட்டு முடிந்ததும் நான் மறுபடி டாக்டர் என்பேன். அவரும் கண்டுகொள்ள மாட்டார்.

பால் கொண்டுவந்தது பொன்னம்மா பெரியம்மா. எனக்குச் சொந்தமில்லை, தோட்டத்தில் அந்த வயதுக்காரர்கள் எல்லோரும் பெரியம்மாதான். அறுபதை நெருங்கியவர், மூட்டு வலி, மோட்டார் சைக்கிள் மட்டும் பறக்கும். மஞ்சள் பால் தரும் மரங்களில் அவர்தான் பால் வெட்டினார். காலை ஒன்பதுக்குள் ஐஸ் பெட்டிக்குள் வைத்த குடுவையோடு வாசலில் வந்து ஹார்ன் அடிப்பார். எத்தனையோ பேர் கொண்டுவந்த பாலில் அளவைக் காட்டும் திரையில் எங்கள் கோடு ஆடிக்கொண்டே இருந்தது. அவர் பாலில் மட்டும் ஆடாமல் நின்றது. கோப்பையைத் துடைக்காமல் அவர் பால் பிடிப்பதே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்தப் பாலில்தான் முதல் முறையாகப் பார்த்தோம். மஞ்சள் பொருள் வெளிச்சத்தை விழுங்குகிறது. கண் இமைக்கும் நேரத்தின் ஆயிரம் கோடியில் ஒரு பங்கில் அதை வெறும் சூடாக மாற்றித் துப்பிவிடுகிறது. திரையில் கோடு மேலே போய், வளைந்து, இறங்கியது. அவ்வளவுதான். நான் அறைக்கு வெளியே ஓடிப்போய்ச் செம்பனைகளைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றேன். மழை வரப்போகிறதா என்று காவலாளி என்னைக் கேட்டார்.

பெரியம்மா விடவில்லை. "ஆறு வருசமா பால் குடுக்குறேன், எம்பாலை உள்ள கொண்டுபோய் என்னடி பண்றீங்க? ஒரு டீ போட்டாவது குடுத்தீங்களா?" என்பார். ஒரு நாள் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். டாக்டரிடம் கேட்டேன். வெளி ஆட்களுக்கு அனுமதி இல்லை என்றார். மறு வாரமும் கேட்டேன். அதற்கடுத்த வாரமும். நான் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டேன் என்பது அவருக்குத் தெரியும். நான்காவது முறை, "உயரத்தை அளந்துட்டுச் சொல்றேன்" என்றார்.

உண்மையாகவே அளந்தார். பெரியம்மாவைக் கதவுச் சட்டத்தோடு நிற்கவைத்து, சிவப்பு நாடாவுக்கு மேல் அவர் கண் எத்தனை அங்குலத்தில் இருக்கிறது என்று பார்த்தார். இரண்டு முறை. பெரியம்மா, "சவப்பெட்டிக்கா டாக்டரு?" என்று கேட்டார். டாக்டர் சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

அந்த நாளைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு வியாழக்கிழமை காலை, பத்தரை மணி இருக்கும். பெரியம்மாவும் டாக்டரும் காப்புக் கண்ணாடி அணிந்து, சுவரில் முதுகு சாய்த்து நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் நடைவழி. ஒரு ஆள் போகும் அகலம். நடைவழிக்கு அந்தப் பக்கம் மேசை. மேசையின் பக்கங்களைக் கறுப்புத் தகடுகள் மூடியிருக்கும். தெறிக்கும் கதிர்கள் வெளியே போகாமல் தடுப்பது அவைதான். அப்படி மூடியிருந்தால் பெரியம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. நடைவழிப் பக்கத்துத் தகடு ஒன்றை நான் கழற்றினேன். டாக்டர் பார்த்தார். "ரெண்டு நிமிசம்" என்றேன். "ரெண்டு" என்றார்.

வெள்ளொளியைக் காட்டுவதுதான் என் ஆசை. மங்கிய சிவப்புக் கதிரை ஒரு சின்ன நீலமணிப் படிகத்துக்குள் விட்டால் மறுபக்கம் வெள்ளையாக வரும். வானவில் முழுவதும் அதற்குள் இருக்கும். அதை அட்டையில் பிடித்தேன். என் காப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வெள்ளைப் பொட்டைச் சரிசெய்ய முடியாது. எல்லா நிறத்தையும் அது தின்றுவிடும். ஆகவே நெற்றிக்குத் தூக்கிவிட்டேன். நிமிர்ந்து நிற்கும்வரை பயமில்லை என்ற தைரியம். பெரியம்மாவும் தன் கண்ணாடியின் ஓரத்தைத் தூக்கப் பார்த்தார். டாக்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அட்டையின் நிழலை மட்டும் பார்த்துவிட்டு, "இத்துனூண்டுக்கா ஆறு வருசம்?" என்றார் பெரியம்மா. எங்கள் எல்லோருக்கும் சிரிப்பு.

சரி, மூடிவிடலாம் என்று அட்டையை வைத்தேன். ஷட்டர் சுவிட்ச் மேசையின் மறு கோடியில் இருந்தது. போக ஒரே வழி அந்த நடைவழி. பெரியவர்கள் இரண்டு பேர் நிற்கிறார்கள், நான் அவர்களுக்கு முன்னால் கடந்து போக வேண்டும்.

இந்த நாட்டில் வளர்ந்த யாருக்கும் மீதியை நான் சொல்லத் தேவையில்லை. பெரியவர்கள் முன்னால் போகும்போது முதுகை வளைத்து, வலது கையைத் தரையை நோக்கி நீட்டி, 'தும்பாங் லாலு' என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே போவோம். கடந்து போக இடம் கேட்பது. மலாய்க்காரர்களின் பழக்கம், பக்கத்து வீட்டில் பார்த்து, பள்ளியில் பார்த்து, ஆசிரியர் முன்னால் நிமிர்ந்து போய்க் காது திருகப்பட்டு, ஆறேழு வயதுக்குள் எங்கள் உடம்பிலும் ஏறிவிட்டது. மூச்சு விடுவதை யாராவது யோசித்தா செய்கிறோம்?

நான் குனிந்தேன்.

'டப்' என்று ஒரு சத்தம். வெளியே இல்லை, தலைக்குள்ளே. சோளப்பொரி வெடிப்பதுபோல. வலி இல்லை. மேசையில் ஏதோ உடைந்துவிட்டது என்று நினைத்து, இரண்டடி தள்ளியிருந்த சுவிட்சைத் தட்டிவிட்டு நிமிர்ந்து, "டாக்டர், என்னமோ ஒடஞ்சிருச்சு" என்றேன். அவரைப் பார்த்துத்தான் சொன்னேன். அவருக்கு முகம் இல்லை. வெள்ளைச் சட்டை இருந்தது, இரண்டு பேனா இருந்தது, காதுகள் இருந்தன. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பழுப்புக் கறை.

இடது கண்ணை மூடினேன், திறந்தேன். வலது கண்ணை மூடினேன். முகம் வந்தது. திறந்தேன். போயிற்று. இதை எத்தனை முறை செய்தேன் என்று தெரியவில்லை. டாக்டர்தான் என் இரண்டு கைகளையும் பிடித்து நிறுத்தினார்.

பிறகு கண்டுபிடித்தது: பாதையில் இருந்த ஒரு சாதாரணக் கண்ணாடித் தகட்டின் பின்முகம், அதில் விழும் ஒளியில் நூற்றுக்கு நான்கு பங்கைத் தெறிக்கவிட்டுக்கொண்டிருந்தது. நான் கழற்றிய கறுப்புத் தகடுதான் அதை எப்போதும் தடுத்து நின்றது. சுவிட்சை நோக்கியபடி குனிந்து போனேன். அந்தத் திசையிலிருந்தே கதிரும் சாய்வாக வந்தது. நூற்றில் நான்கு. பார்வையின் நடுமையத்துக்கு அது தாராளம்.

சிரம்பான் மருத்துவமனையில் கண் மருத்துவர் என் விழித்திரையின் படத்தைத் திரையில் காட்டினார். ஆரஞ்சு நிற வட்டத்தில், சரியாக நடுவில், சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு வெண்புள்ளி, அதைச் சுற்றி இரத்தம். நான் அதைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "திரும்ப வளருமா?" வேதியியல் முதுகலை படித்தவள் கேட்ட கேள்வி. அவர் தலையை ஆட்டினார். ஓரங்களில் எல்லாம் தெரியும் என்றார். ஓரங்களில் எல்லாம் தெரிகிறதுதான். வலது கண்ணால் 'லேசர்' என்ற சொல்லைப் பார்த்தால் நடு எழுத்து இருப்பதில்லை.

விசாரணை மூன்று வாரம் கழித்து நடந்தது. தலைமை தாங்க வெளியிலிருந்து துவான் அஸ்மான் என்ற மலாய் அதிகாரி வந்தார். நீள மேசை, ஒரு பக்கம் குழு, மறுபக்கம் டாக்டரும் நானும். சாட்சிக்குப் பெரியம்மாவும் வந்து சுவரோரம் உட்கார்ந்திருந்தார். எனக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான்: ஒரு கண்ணோடு என்னை அந்த அறைக்குள் விடுவார்களா? கவனக்குறைவு என்று முடிவானால் விட மாட்டார்கள்.

தகட்டைக் கழற்றியது நான்தான் என்றேன். காப்புக் கண்ணாடியைத் தூக்கியதும் நான்தான் என்றேன். மறைக்க என்ன இருக்கிறது? டாக்டர், தான் அனுமதித்ததால் அது தன் பொறுப்பு என்றார். எழுதிக்கொண்டார்கள். பிறகு துவான் அஸ்மான், தலை ஏன் கதிர் மட்டத்துக்கு இறங்கியது என்று கேட்டார்.

"அவங்க முன்னால கடந்து போனேன்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. டாக்டருக்கும் புரியவில்லை. கீழே விழுந்த அட்டையை எடுக்கக் குனிந்திருக்கலாம் என்று டாக்டர் தன் அறிக்கையில் எழுதியிருந்தார். அட்டை விழவே இல்லை என்றேன். அதிர்ச்சியில் மறந்திருப்பீர்கள் என்றார், மிகவும் மென்மையாக. எனக்கு முதல் முறையாக அவர் மேல் கோபம் வந்தது. பக்கத்தில் நின்றவர், இரண்டு முறை அளப்பவர், நான் குனிந்ததைப் பார்க்கவே இல்லை.

பெரியம்மாவைக் கேட்டார்கள். அவர் எழுந்து நின்று, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"நாங்க ரெண்டு பேரும் நின்னோம். அது குனிஞ்சு போச்சு. இவ்வளவு படிச்சும் மரியாத தெரிஞ்ச பிள்ளயா இருக்கேன்னு நெனச்சேன். அப்படி நெனச்சுக்கிட்டு நிக்கிறேன், கண்ணு போயிருச்சு."

அதை நான் மலாயில் எடுத்துச் சொன்னேன். துவான் அஸ்மான் பேனாவைக் கீழே வைத்தார். "துண்டுக்" என்றார், தனக்குத்தானே. குனிவது. அன்று காலை அவரே டாக்டரைக் கடந்து தன் நாற்காலிக்குப் போனபோது வளைந்து கை நீட்டித்தான் போனார். அது அவருக்கு அப்போது நினைவு வந்ததை நான் பார்த்தேன்.

வெளியே மூன்று பயிற்சி ஆட்கள் சாட்சிக்காகக் காத்திருந்தார்கள். ஒரு தமிழ்ப் பையன், ஒரு மலாய்ப் பெண், ஒரு சீனப் பெண். மூவருக்கும் விதிகளை மனப்பாடம் செய்ய வைத்தது நான். துவான் அஸ்மான் அவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, மூலையில் இருந்த கோப்பு ஒன்றை எடுத்துவரச் சொன்னார். மூலைக்குப் போக டாக்டரின் முன்னால் கடக்க வேண்டும். முதலில் வந்த மலாய்ப் பெண் குனிந்து போய்க் குனிந்து வந்தாள். தமிழ்ப் பையன் குனிந்தான். சீனப் பெண் தலையை மட்டுமாவது இறக்குவாள் என்று நினைத்தேன். மற்ற இருவரையும்விட ஆழமாக வளைந்தாள்.

துவான் அஸ்மான் மூவரையும் கேட்டார், இப்போது என்ன செய்தீர்கள் என்று. கோப்பு எடுத்தோம் என்றார்கள். வேறு என்ன? மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வேறு ஒன்றும் செய்யவில்லை என்றார்கள். பொய் இல்லை. அவர்களுக்குத் தெரியாது. இத்தனை ஆண்டுகளில் அந்த நடைவழியில் டாக்டர் நின்ற நேரமெல்லாம், எத்தனை பேர், எத்தனை முறை? கறுப்புத் தகடு மூடியிருந்தது. அதனால் பிழைத்தோம்.

டாக்டர் கைக்குட்டையால் தன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்ததையே துடைத்தார்.

"என் பேருக்கு முன்னால இருந்ததை எடுத்துட்டேன், அது போதும்னு நெனச்சேன்" என்றார் தமிழில், என்னிடம் மட்டும். "தினமும் எனக்குக் குனிஞ்சிருக்கீங்க. நான் கவனிக்கவே இல்ல. எங்க தாத்தாவும் கவனிச்சிருக்க மாட்டாரு."

எனக்கும்தான் தெரியாதே.

அறிக்கையில் ஒரு புது விதி எழுதலாம் என்றார்கள்: லேசர் அறையில் யாருக்கும் குனியக் கூடாது. நான் எதிர்த்தேன். தெரிந்து செய்வதைத்தான் விதி தடுக்கும். இதைச் செய்கிறவருக்கே தெரியவில்லையே! டாக்டர் உடனே பிடித்துக்கொண்டார். ஆட்களை மாற்ற முடியாது, அறையை மாற்றுவோம். ஷட்டர் சுவிட்சைக் கதவருகே கொண்டுவந்தார்கள். மேசைக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த நடைவழியின் இரண்டு முனையிலும் சங்கிலி மாட்டினார்கள். அங்கே யாரும் நிற்க முடியாது. ஆகவே யாரும் யாரையும் கடந்து போக வேண்டியதில்லை. தர்ஷினி, உன் கேள்விக்குப் பதில் இதுதான்.

என் கேள்விக்குப் பதில் வேறு தாளில் வந்தது. காரணம் கவனக்குறைவு மட்டும் இல்லை என்று குழு எழுதியது. நம்பிக்கையோடு இருந்தேன். ஆனால் மருத்துவக் குழு அதைப் பார்க்கவே இல்லை. ஒரு கண் மட்டும் உள்ளவரை மீதிக் கண்ணைப் பணயம் வைக்கும் அறைக்குள் விடக் கூடாது, யார் தவறு என்பது கேள்வியே இல்லை என்றார்கள். அலுவலகத்தில் மேசை வேலை தருகிறோம் என்றது நிலையம். சுவருக்கு அந்தப் பக்கம் 'கீ' என்று காற்று பாடுவதைக் கேட்டுக்கொண்டு பாரம் நிரப்ப என்னால் முடியாது. ஓய்வு கேட்டேன்.

பிரிவுபசாரம் உணவுக் கூடத்தில் நடந்தது. மீ கோரேங், கேசரி, மாலை. கடைசியில் எல்லோரும் சேர்ந்து புகைப்படம். முன்வரிசையில் நாற்காலி போட்டு நிலைய இயக்குநர், டாக்டர், பொன்னம்மா பெரியம்மா, இன்னும் நான்கு பெரியவர்களை உட்கார வைத்தார்கள். பெரியம்மா வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்ததால், நான் போய் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தேன். நடு நாற்காலி எனக்கு. நான் கை கழுவிவிட்டு வந்து சேரும்போது எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். நாற்காலிகளுக்குப் பின்னால் சுவர்வரை ஆட்கள். அவர்கள் முன்னால் நடந்துதான் நடுவுக்குப் போக வேண்டும்.

என் முதுகு வளையத் தொடங்கியது. இந்த முறை எனக்குத் தெரிந்தது. வலது கை தானாகவே இறங்குவதும் தெரிந்தது. பாதி வளைவில் நின்றேன். நிமிர்ந்தேன். தலை கனத்தது, ஏதோ அசிங்கமான காரியம் செய்வதுபோல் காது சுட்டது. நிமிர்ந்தபடியே இயக்குநரைக் கடந்து ஒரு அடி, இரண்டு அடி. பின்னால் நின்றவர்களில் ஒரு அக்கா சொன்னது தெளிவாகக் கேட்டது.

"பெரியவங்க உக்காந்திருக்காங்க, எப்படி நெட்டுக்குத்தலாப் போகுது பாரு. படிச்ச திமிரு."

கால் நின்றுவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. இன்னும் ஒரு நொடி போயிருந்தால் குனிந்திருப்பேன்.

பொன்னம்மா பெரியம்மா மூட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். சிரமப்பட்டு, நாற்காலிக் கையை ஊன்றி எழுந்தார்.

"எந்திரிங்க டாக்டரு" என்றார். "நாம உக்காந்திருந்தா அந்தப் பிள்ளைக்கு நடக்க வராது."

டாக்டர் எழுந்தார். அவர் எழுந்ததால் இயக்குநரும் என்னவென்று புரியாமலே எழுந்தார். மற்ற பெரியவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். நான் நடந்து போய் நடுவில் நின்றேன். படம் பிடிப்பவர், உட்காரலாமே என்றார். யாரும் உட்காரவில்லை.

அந்தப் படம் என்னிடம் இருக்கிறது. எல்லோரும் நின்றுகொண்டிருக்கிறோம், முன்னால் ஏழெட்டு நாற்காலி காலி.